கதையைச் சுமக்கும் கருவி: மாணவர் காட்சிப் புதினத்துக்கு எந்த எஞ்சின்?

துணைப்பாடக் கதை ஒன்றை நடத்தி முடித்ததும், “அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?” என்று கேட்காத ஆசிரியர் இருக்க மாட்டார். அந்தக் கேள்விக்குத்தான் வகுப்பில் அதிகக் கைகள் உயரும். ஒருவர் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்பார். இன்னொருவர் முதலில் அம்மாவிடம் கேட்பேன் என்பார். கடைசி பெஞ்சிலிருந்து, “ஓடிப்போயிடுவேன் சார்” என்று ஒரு குரல் எல்லாரையும் சிரிக்கவைக்கும். ஒவ்வொரு விடையும் ஒரு புதிய கதையின் தொடக்கம். மணி அடித்ததும் அவை காற்றோடு போய்விடுகின்றன. பாடநூலில் இருப்பது ஒரே முடிவு. குறிப்பேட்டிலும் ஒரே கதைக்குத்தான் இடம்.

இந்தக் கிளைக் கதைகளையெல்லாம் ஒரே படைப்புக்குள் வைக்க உதவும் வடிவம் ஒன்று உண்டு. அதை ‘விஷுவல் நாவல்’ என்கிறார்கள். தமிழில் காட்சிப் புதினம் எனலாம். திரையில் ஒரு பின்னணிப் படம். அதன்மேல் பேசும் கதைமாந்தர். கீழே உரையாடல் பெட்டி. இடையிடையே ‘இப்போது என்ன செய்வாய்?’ என்று இரண்டு மூன்று தெரிவுகள். படிப்பவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதற்கேற்பக் கதை திரும்பும்.

இப்படிப்பட்ட கதையை மாணவர்களே உருவாக்க முடியும். எந்த மென்பொருளைக் கொண்டு உருவாக்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம். இணையத்தில் தேடினால் பெயர்கள் வரிசையாக வரும். ஆனால், அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் விளையாட்டுகளை உருவாக்கி விற்பவர்களுக்காக எழுதப்பட்டவை. நமக்கு வேண்டிய பதில்கள் வேறு. நம் மாணவர் தமிழில் எழுதுவார். பள்ளி ஆய்வகத்தில் உருவாக்குவார். வீட்டில் அப்பாவின் கைப்பேசியில் திறந்து காட்ட விரும்புவார். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக் கருவிகளைப் பார்ப்போம்.

வடிவம் வந்த வழி

இந்த வடிவம் ஜப்பானில் வளர்ந்தது. 1983-இல் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட, யூஜி ஹோரி உருவாக்கிய ‘போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு’ என்னும் துப்பறியும் விளையாட்டை இதன் முன்னோடிகளுள் ஒன்றாகச் சொல்வார்கள். 1992-இல் சுன்சாஃப்ட் நிறுவனம் ‘ஒட்டோகிரிசோ’ என்ற படைப்பை ‘ஒலிப் புதினம்’ என்ற பெயரில் வெளியிட்டது. 1996 முதல் லீஃப் என்ற நிறுவனம் தன் படைப்புகளை ‘விஷுவல் நாவல்’ என்று அழைக்க, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கடைகளில் விற்பனைக்கு வரும் காட்சிப் புதினங்களில் கணிசமானவை பெரியவர்களுக்கானவை. 2017-இல் வந்து பெரும் புகழ்பெற்ற ‘டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப்’ பார்ப்பதற்குப் பள்ளி இலக்கிய மன்றக் கதைபோல இருக்கும். உள்ளே மனத்தைக் கலங்கடிக்கும் காட்சிகள் உள்ளன. சிறுவர்க்கு உகந்ததல்ல என்று அதன் தொடக்கத்திலேயே அறிவிப்பும் வரும். ஆகவே, “ஒரு மாதிரி தேடிப் பாருங்கள்” என்று மாணவர்களைத் தனியாக இணையத்தில் விட வேண்டாம். பத்து நிமிடக் கதை ஒன்றை ஆசிரியரே உருவாக்கி, அதையே மாதிரியாகக் காட்டுவது நல்லது. கருவியை நாமும் கற்றுக்கொண்டதாகும்.

எஞ்சின் என்ன செய்கிறது?

‘கேம் எஞ்சின்’ என்றால் மலைக்க வேண்டாம். காட்சிப் புதினத்துக்கான எஞ்சின் நான்கு வேலைகளைச் செய்கிறது. உரையையும் படத்தையும் ஒலியையும் திரையில் காட்டுகிறது. தெரிவுகளைக் காட்டி, சொடுக்கியதற்கு ஏற்ப அடுத்த காட்சிக்கு அழைத்துச் செல்கிறது. முன்பு எடுத்த முடிவுகளை நினைவில் வைக்கிறது. பாதியில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர வழிசெய்கிறது.

முதல் இரண்டு வேலைகளையும் நமக்கு நன்கு பழகிய பவர்பாயிண்ட்டே செய்யும். கட்டணமில்லாத லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரஸும் செய்யும். ஒவ்வொரு படவில்லையும் ஒரு காட்சி, தெரிவுகள் பொத்தான்கள், பொத்தானில் வேறு படவில்லைக்கு இணைப்பு. அவ்வளவுதான். எஞ்சின் தேவைப்படுவது மூன்றாவது வேலைக்காக, அதாவது நினைவுக்காக.

ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். கண்மாயில் தண்ணீர் குறைந்துவிட்டது. வள்ளியின் அப்பா அந்த ஊரின் நீர்பாய்ச்சி. ஒருநாள் இரவு, தெரிந்தவர் ஒருவர் மேல்மடையைத் திருட்டுத்தனமாகத் திறப்பதை வள்ளி பார்த்துவிடுகிறாள். அப்பாவிடம் சொல்வதா, வேண்டாமா? இது இரண்டாம் காட்சி. எட்டாம் காட்சியில் ஊர்க்கூட்டம். கீழ்மடைக்காரர்கள் அவள் அப்பாவைக் குற்றம் சாட்டுகிறார்கள். வள்ளி முன்பே சொல்லியிருந்தால் அப்பா பதில் சொல்வார். சொல்லாமல் இருந்திருந்தால் அவர் தலைகுனிந்து நிற்பார். இரண்டாம் காட்சியின் முடிவு எட்டாம் காட்சியில் வந்து கதவைத் தட்டுகிறது.

பவர்பாயிண்ட்டில் இதைச் செய்ய, இடையில் உள்ள படவில்லைகளை எல்லாம் இரண்டு பிரதிகளாகச் செய்ய வேண்டும். நினைவில் வைக்க வேண்டிய முடிவுகள் இரண்டானால் நான்கு பிரதிகள், மூன்றானால் எட்டு. எஞ்சினில் ஒரே ஒரு மாறி போதும். ‘சொன்னாள்’ என்ற மாறிக்கு ஆம் அல்லது இல்லை என மதிப்பு கொடுத்துவிட்டு, எட்டாம் காட்சியில் அதைச் சோதித்தால் வேலை முடிந்தது. கணிதத்திலும் கணினி அறிவியலிலும் மாறி என்று நாம் நடத்துவது எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது.

முதலில் தாள், பிறகு திரை

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன், கதையைத் தாளில் வரைய வேண்டும். காட்சிக்கு ஒரு கட்டம், தெரிவுக்கு ஓர் அம்புக்குறி. மாணவர்கள் ஆர்வத்தில் ஒவ்வொரு தெரிவுக்கும் தனிக் கிளை வளர்ப்பார்கள். அப்போது கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். இரண்டிரண்டு தெரிவுகளாக ஐந்து முறை கதை பிரிந்தால், எந்தக் கிளையும் மீண்டும் சேராவிட்டால், எழுத வேண்டிய காட்சிகள் 1, 2, 4, 8, 16, 32 என வளர்ந்து மொத்தம் 63 ஆகும். அதே ஐந்து தெரிவுகளில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிறு காட்சிகள் எழுதி அவற்றை அடுத்த பொதுக் காட்சியில் சேர்த்துவிட்டால், பொதுக் காட்சிகள் 6, கிளைக் காட்சிகள் 10, ஆக 16 காட்சிகள் போதும். பிரிந்த கிளைகளின் விளைவு மாறிகளில் தங்கி, பின்னால் கதையின் போக்கில் தெரியும்.

இந்த வரைபடம்தான் எந்தக் கருவி வேண்டும் என்பதையும் சொல்லும். நினைவே தேவைப்படாத சிறு கதை என்றால் பவர்பாயிண்ட் போதும். நினைவு வேண்டும், படங்கள் குறைவு, எழுத்தே முதன்மை என்றால் ஒரு கருவி. முகபாவம் மாறும் மாந்தர், பின்னணி, குரல் எல்லாம் வேண்டும் என்றால் வேறு கருவி.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

முதல் கேள்வி: தமிழ் சரியாகத் தெரிகிறதா? இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எல்லா உழைப்பும் வீணாகும். காரணம் எளிது. ஒருங்குறியில் ‘கெ’ என்று சேமிக்கும்போது முதலில் ககரமும், அதன் பின் எகரக் குறியும் வரிசையாக நிற்கும். திரையில் காட்டும்போது ஒற்றைக்கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். ‘கொ’ என்றால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலுமாகப் பிரிய வேண்டும். ‘கு’, ‘டு’, ‘று’ ஒவ்வொன்றுக்கும் உகரக் குறி வேறுவேறு வடிவம் எடுக்க வேண்டும். இந்த வேலைக்கு எழுத்து வடிவமைப்பு என்று பெயர். உலாவிகள் இதைச் சரியாகச் செய்கின்றன. ஆங்கில எழுத்துகளை மட்டும் எண்ணிக் கட்டப்பட்ட சில எஞ்சின்கள் செய்வதில்லை. அவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புள்ளி வைத்த வட்டங்கள் முளைக்கும். எழுத்துருவே இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள் மட்டும் தெரியும்.

ஆகவே, எந்தக் கருவியைத் திறந்தாலும் முதல் ஐந்து நிமிடத்தில் இந்த வரியை இட்டுப் பாருங்கள்: ‘மூன்று கௌதாரிகளும் கொக்கும் சேவலும் தேடிக்கொண்டே யானையிடம் போயின, ஸ்ரீதரும் லக்ஷ்மியும் சிரித்தனர்.’ கொம்பு, இரட்டைக்கொம்பு, கால், உகர ஊகாரங்கள், ஐகாரம், ஔகாரம், கிரந்தம் எல்லாம் இதில் உள்ளன. எழுதும் இடத்தில் சரியாகத் தெரிந்தால் மட்டும் போதாது. கதையை ஓட்டிப் பார்க்கும்போதும் சரியாகத் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியையும் டேஸ்-16 குறியேற்றத்தையும் தரநிலைகளாக அறிவித்தது. ஆனாலும், பழைய எழுத்துருக் குறியேற்றங்களில் தட்டச்சு செய்யும் பழக்கம் இன்னும் நம்மிடம் உள்ளது. அப்படித் தட்டச்சு செய்ததை எஞ்சினில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வரும். தமிழ் 99 விசைப்பலகையோ ஒலிபெயர்ப்பு முறையோ எதுவானாலும், ஒருங்குறியில் தட்டச்சு செய்வது கட்டாயம்.

இரண்டாம் கேள்வி: நம் ஆய்வகத்தில் ஓடுமா? புதிய மென்பொருளை நிறுவ ஆய்வகக் கணினியில் அனுமதி இருக்காது. இணையம் விட்டுவிட்டு வரும். விண்டோஸ் உள்ள கணினியும் லினக்ஸ் உள்ள கணினியும் கலந்திருக்கும். நிறுவாமலே ஓடுவது, இணையம் இல்லாமல் ஓடுவது, இரண்டு இயங்குதளங்களிலும் ஓடுவது என்ற மூன்றில் எத்தனை நிறைவேறுகின்றன என்று பாருங்கள்.

மூன்றாம் கேள்வி: மாணவர் தானே எழுதிச் சேர்க்க முடியுமா? மாணவர் கதை சொல்ல, ஆசிரியர் உட்கார்ந்து நிரல் எழுத நேர்ந்தால், அது ஆசிரியரின் படைப்பாகிவிடும். ஒரு காட்சியைச் சேர்க்கவும் ஒரு தெரிவை இணைக்கவும் இரண்டு பாடவேளைகளுக்குள் மாணவர் பழகிவிட வேண்டும். அதற்குமேல் இழுத்தால் அந்த வகுப்புக்கு அந்தக் கருவி பொருந்தவில்லை என்று கொள்ளலாம்.

நான்காம் கேள்வி: முடிந்த கதை எந்த வடிவில் வெளியே வரும்? அம்மாவும் பாட்டியும் பார்ப்பது கைப்பேசியில்தான். உலாவியில் திறக்கும் கோப்பாக வந்தால் எளிது. கணினியில் மட்டும் ஓடும் என்றால் கதை ஆய்வகத்தோடு நின்றுவிடும்.

ஐந்தாம் கேள்வி: உரிமம் என்ன சொல்கிறது? நாளைக்கும் இது இருக்குமா? ஃபிளாஷ் மென்பொருளை நினைத்துப் பாருங்கள். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியது. ஃபிளாஷில் செய்யப்பட்ட எத்தனையோ பாட அசைவூட்டங்கள் உலாவியில் திறக்காமல் போயின. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், ஓர் எல்லையைத் தாண்டிய விளையாட்டுகளுக்கு ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்புக்குப் பின் அதைத் தளர்த்தி, 2024 செப்டம்பரில் முற்றிலும் கைவிட்டது. பள்ளிக்கு அந்தக் கட்டணம் வந்திருக்காது. ஆனாலும் விதிகள் ஒரே நாளில் மாறலாம் என்ற பாடம் நமக்கும் உரியது. திறந்த மூல மென்பொருள் என்றால், நம்மிடம் உள்ள பதிப்பை யாரும் திரும்பப் பெற முடியாது.

கருவிகள் ஒவ்வொன்றாக

ட்வைன்: கிறிஸ் கிளைமாஸ் உருவாக்கி 2009-இல் வெளியிட்ட திறந்த மூலக் கருவி. திரையில் கட்டங்கள் தோன்றும். ஒவ்வொரு கட்டமும் ஒரு காட்சி. கட்டத்துக்குள் கதையை எழுதி, ஒரு தொடரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் அது தெரிவாகிவிடும். அதே பெயரில் புதிய கட்டமும் தானாக முளைத்து, இரண்டுக்கும் இடையே அம்புக்குறி விழும். தாளில் வரைந்த படம் அப்படியே திரைக்கு வந்ததுபோல இருக்கும். நெட்ஃபிளிக்ஸில் 2018-இல் வந்த ‘பேண்டர்ஸ்னாட்ச்’ என்ற கிளைக்கதைப் படத்தை எழுதும்போது சார்லி புரூக்கர் பயன்படுத்தியதும் ட்வைன்தான்.

முடிந்த கதை ஒரே ஒரு வலைப்பக்கக் கோப்பாக வெளிவரும். இணையம் இல்லாமலும் உலாவியில் திறக்கும். எழுத்தைக் காட்டுவது உலாவி என்பதால் தமிழ் சரியாகவே தெரியும். மாறிகளையும் சிறு கட்டளைகளில் எழுதிவிடலாம்.

குறைகளும் உண்டு. படங்கள் கதைக் கோப்புக்குள் தாமாகச் சேராது. படங்களைத் தனியே ஒரு கோப்புறையில் வைத்து, கதைக்குள் அவற்றின் பெயரை எழுத வேண்டும். பிறருக்குக் கொடுக்கும்போது முழுக் கோப்புறையையும் கொடுக்காவிட்டால் படம் வராது. அதைவிட முக்கியம், உலாவியிலேயே ட்வைனைப் பயன்படுத்தினால் கதை அந்தக் கணினியின் அந்த உலாவியில் மட்டுமே சேமிக்கப்படுகிறது. வேறு கணினியில் போய் உட்கார்ந்தால் கதை இருக்காது. யாராவது உலாவியின் தரவுகளை அழித்தால் கதையும் அழிந்துவிடும். பொதுக் கணினிகள் உள்ள பள்ளி ஆய்வகத்தில் இதை மறக்கவே கூடாது. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் கதையைக் கோப்பாக வெளியே எடுத்துப் பென்டிரைவில் வைப்பதைக் கரும்பலகையில் எழுதிப்போடும் விதியாக்குங்கள். கணினியில் நிறுவும் ட்வைன் பதிப்பு கோப்புறையில் சேமிப்பதால், அனுமதி கிடைத்தால் அதுவே மேல்.

ஸ்கிராட்ச்: எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்டது. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் காட்சித் தொடர்பு பாடத்தில் நமக்கு அறிமுகமானதுதான். வண்ணப் பிளாக்குகளை அடுக்கினால் நிரல். பின்னணி, உருவம், பேச்சுக் குமிழி, ஒலிப்பதிவு எல்லாம் உள்ளேயே உள்ளன. இணையம் இல்லாமல் ஓடும் பதிப்பும் கிடைக்கிறது. நான்கைந்து காட்சிகள் கொண்ட உயிரோட்டமான கதைக்குப் பொருத்தம். காட்சிகள் கூடக்கூடப் பிளாக்குகள் பின்னிக்கொள்ளும். எந்தச் செய்தி எந்த உருவத்தை எழுப்புகிறது என்று தேடவேண்டி வரும். நீண்ட உரையாடலுக்குப் பேச்சுக் குமிழி போதாது. எழுத்தைவிட அசைவு முதன்மையாகும்போது இதை எடுங்கள்.

ரென்பை: காட்சிப் புதினத்துக்கென்றே பிறந்த எஞ்சின். டாம் ரோத்தமெல் 2004-இல் வெளியிட்டார், பைத்தான் மொழியின்மேல் கட்டப்பட்டது, திறந்த மூலம். இதன் கோப்புறையைப் பிரித்து வைத்தால் போதும், நிறுவாமலே ஓடும். புதிய திட்டம் தொடங்கியதும் முகப்புப் பட்டியல், சேமிக்கும் பக்கம், ஒலி அமைப்பு, பின்னோக்கிச் செல்லும் வசதி எல்லாம் ஆயத்தமாக வந்துவிடும். மாணவர் எழுத வேண்டியது நாடக உரையாடல் போன்றது: மாந்தரின் பெயர், அடுத்து மேற்கோள் குறிக்குள் அவர் பேச்சு. ‘மெனு’ என்று எழுதி அடியில் தெரிவுகள். ‘ஜம்ப்’ என்று எழுதி அடுத்த காட்சியின் பெயர். 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் படிப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

தமிழைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள். பழைய ரென்பை பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிந்தன. 2023-இல் வந்த பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்து வடிவமைப்பு நூலகம் சேர்ந்தது. எனவே, நண்பர் தந்த பழைய கோப்புறையை நம்பாமல் புதிய பதிப்பையே பதிவிறக்குங்கள். அடுத்து, இதனுடன் வரும் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை போன்ற திறந்த உரிம எழுத்துரு ஒன்றைத் திட்டத்தின் கோப்புறைக்குள் வைத்து, அமைப்புக் கோப்பில் அதன் பெயரைக் குறிப்பிட வேண்டும். இதை ஆசிரியர் ஒருமுறை செய்து, அந்தத் திட்டத்தையே எல்லாக் குழுவுக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம்.

இடைவெளிப் பிழை மாணவரைச் சோர்வடையச் செய்யும். வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி மாறினாலே ரென்பை நின்றுவிடும். எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று அது சொல்வதைப் படிக்கப் பழக்குங்கள். வெளியீட்டில் விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, உலாவி என எல்லா வடிவங்களும் உண்டு. ஆண்ட்ராய்டுக்குக் கூடுதல் மென்பொருள்களைப் பதிவிறக்க வேண்டியிருக்கும்.

கோடோவும் யூனிட்டியும்: இவை எல்லா வகை விளையாட்டுக்குமான பேரெஞ்சின்கள். கோடோ திறந்த மூலம். 2023-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கான வடிவமைப்பு வசதி உள்ளது. ஆனால், உரையாடல் பெட்டி முதல் சேமிக்கும் பக்கம் வரை நாமே கட்ட வேண்டும். அல்லது துணை நிரல் சேர்க்க வேண்டும். வீட்டில் கணினி வைத்து ஆர்வமாக முயலும் மேல்நிலை மாணவருக்கு இவற்றைக் காட்டலாம். முழு வகுப்புக்கும் இவை தேவையில்லை. இழுத்துப் போட்டே கதை கட்டும் டைரானோபில்டர் போன்றவை விலைக்குக் கிடைக்கின்றன. ஆய்வகம் முழுவதற்கும் வாங்கும் செலவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எந்த வகுப்புக்கு எது?

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை திரையே வேண்டாம். அட்டைகளில் படம் வரைந்து, ‘இந்தக் கதவைத் திறந்தால் 4-ஆம் அட்டை, அந்தக் கதவைத் திறந்தால் 7-ஆம் அட்டை’ என்று தரையில் பரப்பினாலே காட்சிப் புதினம் தயார். நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குப் பவர்பாயிண்ட் அல்லது இம்ப்ரஸ். குழந்தைகள் வரைந்த படங்களை ஒளிப்படம் எடுத்து ஆசிரியர் சேர்க்கலாம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ட்வைன். அசைவை விரும்பும் குழுவுக்கு ஸ்கிராட்ச். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ட்வைனில் மாறிகளோடு கூடிய கதை. மேல்நிலை வகுப்புகளுக்கு ரென்பை.

ஒரே ஒரு கருவியைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்று சொல்லும் ஆசிரியருக்கு என் பரிந்துரை ட்வைன். மேற்சொன்ன ஐந்து கேள்விகளில் முதலாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நான்கிற்கும் அது நேராக விடை சொல்கிறது. இரண்டாவதில் உள்ள சேமிப்புச் சிக்கலை வகுப்பு ஒழுங்கால் சரிசெய்துவிடலாம். படங்கள் குறைவாக இருப்பதும் மொழி வகுப்புக்கு ஒருவகையில் நன்மையே. காட்டாததை எழுதித்தான் ஆக வேண்டும்.

தொடங்கிய பின் கவனிக்க

நான்கு பேர் கொண்ட குழு போதும்: எழுதுபவர், வரைபவர், திரையில் சேர்ப்பவர், சோதிப்பவர். இரண்டு வகுப்புக்கு ஒருமுறை பொறுப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், கணினி தெரிந்தவர் கையிலிருந்து சுட்டி வேறு யாருக்கும் போகாது. சோதிப்பவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அம்புக்குறி வழியாகவும் ஒருமுறை போய்வர வேண்டும். எங்கும் போகாத தெரிவு ஒன்றாவது கட்டாயம் சிக்கும்.

படம், எழுத்துரு, இசை எதுவானாலும் இணையத்திலிருந்து எடுக்கும் முன் உரிமத்தைப் பார்க்கப் பழக்குங்கள். தாங்களே வரைந்த படமும் தங்கள் குரலுமே பாதுகாப்பானவை. குழந்தைகளின் முகப்படம், முழுப்பெயர், ஊர், கைப்பேசி எண் எதுவும் கதைக்குள் போக வேண்டாம். கோப்பு ஒருமுறை வாட்ஸ்அப்பில் போய்விட்டால் திரும்ப வராது.

உரையாடல் பெட்டியில் இரண்டு மூன்று வரிகளுக்குமேல் இடம் இருக்காது. தமிழில் ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ போன்ற ஒரே சொல் கைப்பேசித் திரையின் ஒரு வரியை விழுங்கிவிடும். வாக்கியத்தைச் சுருக்க, பேச்சைப் பேச்சாக எழுத மாணவர்கள் தாமே கற்றுக்கொள்வார்கள். அவர்களின் வட்டார வழக்கை உரையாடலில் விட்டுவிடுங்கள். கதைசொல்லியின் வரிகளில் மட்டும் எழுத்துநடையைக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இலக்கணப் பாடம் நடத்தாமலே விளங்கும்.

மதிப்பிடும்போது அழகான படத்தைவிடத் தெரிவுகளின் தரத்தைப் பாருங்கள். ‘உண்மை சொல், பொய் சொல்’ என்று இரண்டு வைத்தால் எல்லாரும் தேர்வு எழுதுவதுபோல ‘உண்மை’யைச் சொடுக்கிவிட்டுப் போவார்கள். ‘அப்பாவிடம் இப்போதே சொல்’, ‘மடை திறந்தவரிடமே நேரில் கேள்’ என்று வைத்தால் நின்று யோசிப்பார்கள். இரண்டிலும் நியாயம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரு விலை இருக்க வேண்டும். அப்படி எழுத, மாணவர் தனக்கு உடன்பாடில்லாத மாந்தரின் பக்கத்திலும் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு ஏற்பாடும் அதற்காகத்தான்.

கருவியைத் தேர்ந்தெடுப்பது சிறிய வேலைபோலத் தெரியும். மூன்று வாரம் உழைத்துத் தட்டச்சு செய்த மாணவி, திரையில் தன் வரிகள் கொம்பும் காலும் சிதறிக் கிடப்பதைப் பார்த்தால், ‘கருவி சரியில்லை’ என்று அவள் நினைக்க மாட்டாள். ‘தமிழில் இதெல்லாம் வராதுபோல’ என்றுதான் நினைப்பாள். கருவியின் குறை மொழியின் குறையாக ஒரு குழந்தையின் மனத்தில் பதிய நாம் காரணமாகக் கூடாது. கௌதாரியும் கொக்கும் வரும் அந்த ஒரு வரியை முதல் நாளே இட்டுப் பார்த்துவிட்டால், அந்த ஆபத்து நீங்கும். வரும் வாரம் ஒரு பாடவேளையில், நான்கு கட்டங்களும் இரண்டு தெரிவுகளும் கொண்ட ஒரு சிறு கதையை நீங்களே முதலில் கட்டிப் பாருங்கள். அடுத்த வகுப்பில் அதைத் திரையில் ஓடவிட்டு, “இப்போது என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள்.